மக்கியதும் மக்காததும்

கேரட் பயிரிடுவது என்று நான் முடிவெடுத்தபோது, மனைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, துணியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் பெரிய முடிவு எடுக்கும்போதெல்லாம் அவள் இதைச் செய்வாள். கண்ணாடி அழுக்காக இருப்பதால் நான் இப்படித் தெரிகிறேனா, இல்லை நிஜமாகவே இப்படித்தானா என்று உறுதி செய்துகொள்கிறாளாம்.

முடிவுக்குக் காரணம் எங்கள் மகள். கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். நாலு மாதம். முதல் குழந்தை. அன்று காலை போனில் அம்மாவோடு முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, மிச்சமிருந்த ஒரு நிமிஷத்தை எனக்குக் கொடுத்தாள்.

"அப்பா, எதைச் சாப்பிட்டாலும் குமட்டுதுப்பா."

"அடடா."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணும்போல இருக்கு. மண்ணுலேருந்து அப்பத்தான் பிடுங்கின கேரட். சின்ன வயசுல நம்ம பின்பக்கத்துல போட்டோமே, ஞாபகம் இருக்கா? கழுவி அப்படியே கடிக்கணும்."

"இவ்வளவுதானா? நீ ஏழாம் மாசம் வரும்போது உன் கையாலயே பிடுங்கிச் சாப்பிடு. அப்பா இருக்கேன்!"

சின்ன வயசில் அந்தக் கேரட்டைப் போட்டது அவள் அம்மா. அதை நான் நினைவூட்டவில்லை. இருபத்தாறு வருஷமாக மகளுக்குப் பல் முளைத்ததிலிருந்து பட்டம் வாங்கியது வரை எல்லாமே அம்மா கைங்கரியம். நான் உடன் நின்று போட்டோவில் விழுந்ததோடு சரி. முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். அதை நான் செய்து கொடுக்க வேண்டும். நான் மட்டும். மனைவியின் சுண்டுவிரல்கூட இதில் படக்கூடாது. சின்ன ஆசைதான். ஆனால் நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். முப்பது வருஷமாக ஊரார் பிழையைத் திருத்திப் பிழைக்கிறேன். அதனால் எனக்கு இரண்டு குறைகள். ஒன்று, அச்சு மையை முகர்ந்து முகர்ந்து மூக்கு செத்துவிட்டது. இப்போது அது கண்ணாடி உட்காரும் மேடை, அவ்வளவுதான். இரண்டு, எழுத்தில் இருப்பதை நம்புவேன். வாயால் சொன்னால் காதில் ஏறாது.

மனைவியோ ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை. ஊரில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் ஒரு சின்ன டப்பாவில் அவளிடம்தான் வந்து சேரும். இருபத்தெட்டு வருஷமாக நுண்ணோக்கியில் பார்க்கிறாள். ஊராரின் வண்டவாளம் முழுக்க அவளுக்குத் தெரியும். சாண விஷயத்தில் இவளோடு வாதாடுவது பயில்வானிடம் கை குலுக்கப் போவதுபோல. ஆனாலும் போனேன்.

எரு தேடி முதலில் போன இடம் போலீஸ் குதிரை லாயம். ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வாசலில் காக்கி அரைக்கால் சட்டையோடு லாயக்காரர் ஒரு குதிரைக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் வேணும்?"

"கொஞ்சம் லத்தி வேணும்."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரை அடிக்க?"

"அடிக்க இல்லைங்க. போட."

"சார், இது போலீஸ் லாயம். லத்தியெல்லாம் வெளியாளுக்குத் தரமாட்டாங்க."

"ஐயோ, குதிரை போடுதே, அதைச் சொல்றேன்."

"சாணியா? அதைச் சாணின்னு சொன்னா என்ன சார்?"

"சாணி மாட்டுக்கு. குதிரைக்கும் யானைக்கும் லத்தின்னுதான் சொல்லணும். அதுதான் சரியான சொல்."

"சொல்லு சரிதான் சார். சொன்ன இடம்தான் சரியில்லை."

அவர் சிரித்து ஓய்ந்த பிறகு, கேரட்டுக்கு வேண்டும் என்று சொன்னேன். பின்னால் பழைய குவியல் இருக்கிறது, வருஷம் ஒன்று தாண்டிவிட்டது, நன்றாக மக்கியிருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"பழசு எதுக்கு? ரொட்டிக் கடைக்குப் போய் போன வருஷத்து ரொட்டி இருக்கான்னு கேப்பீங்களா? சுடச்சுட இருக்கறதாப் பார்த்து ரெண்டு மூட்டை அனுப்புங்க."

லாயக்காரர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானதாக இருந்தது. கண்ணாடி போட்டிருந்தால் அவரும் துடைத்திருப்பார்.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தபோது கொல்லைச் சுவரோரம் இரண்டு மூட்டை நின்றன. மனைவி இடுப்பில் கை வைத்து அவற்றுக்கு நடுவில் நின்றாள்.

"நீங்க ரெண்டும் புதுசு கேட்டீங்களாம். லாயக்காரர் நல்ல மனுஷன். ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு குடுத்திருக்காரு. மக்கினதைப் பாத்தியில போட்டு விதைங்க. மக்காததைக் குழியில கொட்டி, காஞ்ச இலை கலந்து, தண்ணி தெளிச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவை கிளறணும்."

"யாரு?"

"லாயத்துக்குப் போனது யாரு?"

"புதுசுலதான் சத்து இருக்கு. பழசு சாறு போன சக்கை."

"சத்தும் இருக்கு, மத்ததும் இருக்கு. மண்ணுக்குள்ள விளையறதைப் பச்சையாக் கடிக்கறதா இருந்தா, புதுசைப் போட்டு நூத்திருபது நாள் கழிச்சுத்தான் பறிக்கணும். உங்க பொண்ணு எண்பத்தஞ்சாவது நாள் வரா. ஏன் நூத்திருபதுன்னா..."

இந்த இடத்தில் என் காது மூடிக்கொண்டது. கல்யாணமான ஆண்களுக்கு இயற்கை கொடுத்த வரம் இது. கையை வைக்காமலே காதை மூடலாம். முகம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், தலை தானாக ஆடும். அவள் ஐந்து நிமிஷம் விளக்கினாள். நான் ஐந்து நிமிஷமும் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாத்தியில் இவள் சொன்ன எருவைப் போட்டால், விளைவது யார் கேரட்? இவள் கேரட். மகளிடம், "நான் சொன்னபடி உங்கப்பா செஞ்சாரு" என்பாள். போச்சு. அதிலும் நான் போட்டோவில் நிற்கிற ஆள்தான்.

"புரிஞ்சுதா?" என்றாள்.

"அட்சரம் அட்சரமா."

அவள் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு உள்ளே போய், ஆய்வுக்கூடத்து டப்பாக்களில் கட்டும் அட்டைச் சீட்டு இரண்டு எடுத்து, பட்டைப் பேனாவால் எழுதி, மூட்டைக்கு ஒன்றாகக் கட்டினாள்.

சனிக்கிழமை அவளுக்குக் காலை முறை வேலை. எனக்கு விடுமுறை. அவள் தெருமுனை திரும்பியதும் நான் கொல்லையில் இருந்தேன். இடது மூட்டையில் 'மக்கியது' என்று இருந்தது. வலது மூட்டையில் 'மக்காதது. தொடாதிர்கள்' என்று இருந்தது.

தொடாதே என்றால் தொடத் தோன்றும். அது மனித இயல்பு. ஆனால் 'தொடாதிர்கள்' என்று இருந்ததால் முதலில் வேறு ஒன்று தோன்றியது. சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, குறிலாக நின்ற 'தி'க்கு ஒரு சுழி போட்டு நெடிலாக்கினேன். 'தொடாதீர்கள்.' கை பழகின வேலை. செய்தது எனக்கே தெரியாது. பிறகு அந்த மூட்டையை அவிழ்த்துப் பாத்தியில் கொட்டினேன்.

கறுப்பாக, பொலபொலவென்று, சலித்த மாவுபோல விழுந்தது. புதுச் சாணம் இவ்வளவு நைஸாக இருக்குமா என்று ஒரு கணம் நினைத்தேன். போலீஸ் குதிரை ஆயிற்றே, தினமும் ஓடுகிறது, நல்ல ஜீரணம் என்று சமாதானம் செய்துகொண்டேன். சீட்டில் எழுதியிருக்கிறதே, அதற்கு மேல் என்ன சாட்சி?

இப்போது குழிக்கு ஏதாவது போட வேண்டுமே. குழி காலியாக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 'மக்கியது' மூட்டையை எடுத்தேன். அதன்மேல் ஈ மொய்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. படிப்பறிவில்லாத ஈக்கள், சீட்டைப் பார்க்காமல் தப்பான மூட்டையில் உட்கார்ந்திருக்கின்றன! அதைக் குழியில் கொட்டி, இலையைப் போட்டு மூடினேன். உருண்டை உருண்டையாக விழுந்தது. பழசாகி இறுகிப்போயிருக்கும்.

மாலையில் மனைவி வந்து குழியைப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்தாள். காலி மூட்டைகளை மடித்து வைத்தாள். சீட்டுகளைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

"சொன்னபடி செஞ்சீங்களா?"

"நீ சொல்லி நான் மீறியிருக்கேனா?"

"இல்லைதான்," என்றாள். அப்போது அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. என் கீழ்ப்படிதலை மெச்சுகிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு என் பாடு இருக்கிறதே! ஏற்கெனவே மக்கிய எருவை, மக்காதது மாதிரி, வாரம் இரண்டு முறை கிளற வேண்டும். ரப்பர் பூட்ஸ், கையுறை, வாயில் துணி. கிளறி முடித்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினால்தான் வீட்டுக்குள் அனுமதி. வெந்த சோற்றை மறுபடி வேகவைப்பது மாதிரி வேலை. வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

பத்தாம் நாள் கிளறும்போது குழியிலிருந்து ஆவி வந்தது. பயந்துவிட்டேன். மனைவி ஒரு நீளமான வெப்பமானியைக் கொண்டுவந்து குவியலுக்குள் செருகினாள்.

"அறுபது டிகிரி. சபாஷ்!"

"காய்ச்சலா?"

"இந்தச் சூட்டுலதான் கிருமியெல்லாம் சாகும். வெளியில இருக்கறதை உள்ள தள்ளி, உள்ள இருக்கறதை வெளியில இழுத்து நல்லாக் கிளறுங்க. எல்லாப் பக்கமும் சூடு படணும்."

செத்துப்போன எருவுக்கு எப்படிச் சூடு வந்தது? இதைக் கேட்டால் அதைச் சொல்ல வேண்டும். கேட்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. நான் கிளறினேன்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், தொழிலுக்கு மாட்டும் முகமூடியோடு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"சார், உங்க குழி நாறுது."

"வாய்ப்பே இல்லை டாக்டர். அது மக்கினது. மக்கினது நாறாது."

"நாறுதே சார்!"

"உங்க பேஷன்ட் யாராவது வாயைத் திறந்திருப்பாங்க."

அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. மனைவி ஒரு கூடை காய்ந்த இலையைக் கொண்டுவந்து குழியில் போட்டாள். நாற்றம் நின்றுவிட்டதாக மதிலுக்கு அப்பாலிருந்து அவளிடம் மட்டும் நன்றி சொன்னார்.

கேரட் மட்டும் அமோகமாக வந்தது. இலை சடைசடையாகத் தழைத்தது. களை எடுத்தேன், தண்ணீர் ஊற்றினேன், நெருக்கமாக இருந்ததைக் கலைத்துவிட்டேன். எழுபதாம் நாள் மண்ணை விலக்கிப் பார்த்தால், ஆரஞ்சு நிறத் தோள் ஒன்று எட்டிப் பார்த்தது. அன்று அச்சகத்தில் எல்லோருக்கும் நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். என் மகள் வருகிறாள் என்றேன்.

அவள் வர இரண்டு நாள் இருக்கும்போது இடி விழுந்தது.

அச்சகத்தில் என் மேஜைக்கு ஒரு சின்னக் கையேடு வந்தது. சுகாதார அலுவலகத்துக்காக அச்சாவது. தலைப்பு: 'வீட்டுத் தோட்டத்தில் கால்நடை எருவைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?' எனக்குத் தெரியாததா என்று சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன்.

மக்காத எருவில் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம் என்று இருந்தது. அவை மண்ணில் பல வாரம் உயிரோடு இருக்கும். மண்ணைத் தொட்டு விளைவதை நூற்றிருபது நாளுக்கு முன் பறிக்கக்கூடாது. மண்ணைத் தொடாத காய் என்றால் தொண்ணூறு நாள். எதையும் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். நாய், பூனைக் கழிவை எருவாகப் போடவே கூடாது. அதற்கடுத்த வரி இப்படி ஆரம்பித்தது: 'கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு இதனால் ஆபத்து அதிகம்.'

'கர்ப்பிணிகள்' என்ற சொல்லை மூன்று முறை படித்தேன். எழுத்துப் பிழையாக இருக்கக் கூடாதா என்று பார்த்தேன். இல்லை. அந்தப் பக்கத்தில் பிழையே இல்லை. இருந்த ஒரே பிழை நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தது.

அவள் ஐந்து நிமிஷம் விளக்கினாளே, இதைத்தானே விளக்கியிருப்பாள்! என் மகளுக்கும் அவள் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் நானே விஷம் வளர்த்து, தினமும் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறேன். அன்று நான் திருத்திய மற்ற பக்கங்களில் என்னென்ன விட்டேனோ, தெரியாது.

இரவுச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

"இங்க பாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க." தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கடைசி வரைக்கும் உப்புதானா," என்று எழுந்து போனாள். அப்போது எனக்கு அது புரியவில்லை.

மகள் வரும் நாள். மனைவி காலையில் வேலைக்குப் போய், அங்கிருந்தே ஸ்டேஷனுக்குப் போய் மகளை அழைத்துவருவதாக ஏற்பாடு. நான் முதுகுவலி என்று விடுப்புப் போட்டேன். வாசல் கதவு சாத்தியதும் முதுகு சரியாகிவிட்டது.

பாத்தியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இருபத்துநாலு கேரட். ஜாண் நீளம், கண்ணைப் பறிக்கும் நிறம், ஒன்றுகூடக் கோணல் இல்லை. எண்பத்தைந்து நாள் பிள்ளை மாதிரி வளர்த்தது. கண் கலங்கிவிட்டது. வெங்காயம் போட்டிருந்தாலாவது ஒரு காரணம் சொல்லலாம்.

குப்பையில் போட்டால் மனைவி பார்ப்பாள். பூமியில் புதைத்தால் மறுபடி முளைத்து மானத்தை வாங்கும். யோசித்து, பையில் போட்டுக்கொண்டு நேராக லாயத்துக்குப் போனேன். குதிரைக்கிருமி குதிரையை ஒன்றும் செய்யாது, அது அதற்குச் சொந்த ஊர்க்காரன் என்று தீர்மானம்.

லாயக்காரர் பையைத் திறந்து பார்த்தார். "அடேயப்பா! என்ன சார் இது, தங்கம் மாதிரி இருக்கு! இதையா குதிரைக்குப் போடச் சொல்றீங்க?"

"நன்றிக் கடன்."

"யாருக்கு?"

"உற்பத்தியாளருக்கு."

அங்கிருந்து ஓடி, காய்கறிக் கடையில் இலையோடு இருந்த கேரட் எட்டுக் கட்டு வாங்கினேன். கட்டுக்கு மூன்று, கழுத்தில் நீல ரப்பர் பேண்ட். வீட்டுக்கு வந்து ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒவ்வொரு கேரட்டாகப் பாத்தியில் பிடுங்கின இடத்திலேயே செருகி, மண்ணை அணைத்து, தண்ணீர் தெளித்தேன். விவசாயம் இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் எண்பத்தைந்து நாளைக்கு முன்பே இதைச் செய்திருப்பேன். ஏழு கட்டு நட்டாகிவிட்டது. எட்டாவதைக் கையில் எடுக்கவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அப்படியே கட்டோடு செருகிவிட்டு நிமிர்ந்தேன். இப்போது நிஜமாகவே முதுகு பிடித்துக்கொண்டது.

மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நேராகக் கொல்லைக்கே வந்தாள். முகம் இளைத்திருந்தது. கண் மட்டும் பளபளத்தது.

"அப்பா! எங்க என் கேரட்?"

"எல்லாம் உன்னுதுதான். எதை வேணும்னாலும் பிடுங்கு."

எதை வேண்டுமானாலும் என்று சொன்னவன், எதை மட்டும் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சரியாக அந்தக் கடைசி இலைக்கொத்தைப் பிடித்து இழுத்தாள். ஒன்றுக்கு மூன்று வந்தது.

"ஐ! மூணும் ஒட்டிப் பிறந்திருக்குப்பா!"

"நல்ல எரு போட்டா அப்படித்தாம்மா."

மனைவி பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியைத் துடைத்தாள். "ரப்பர் பேண்டும் எருவுலேயே வருதா?"

நான் வானத்தைப் பார்த்தேன். மகள் சிரித்த சிரிப்பில் அவள் வயிறு குலுங்கியது. எனக்குப் பயமாக இருந்தது.

"போய்க் கையைக் கழுவிட்டு உட்காரும்மா," என்று மனைவி அவளை உள்ளே அனுப்பினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் உதைத்தது.

கொல்லைக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு நின்றேன். அவமானம்தான். ஆனாலும் குழந்தை தப்பித்தாள், அது போதும் என்று மனசைத் தேற்றினேன். அப்போது சமையலறையிலிருந்து 'நறுக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து மகளின் குரல்.

"அம்மா! இதுதாம்மா! அதே ருசி!"

எட்டிப் பார்த்தேன். மகள் கையில் பாதி கேரட். தட்டில் இன்னும் ஏழெட்டு. ஜாண் நீளம், கண்ணைப் பறிக்கும் நிறம், ஒன்றுகூடக் கோணல் இல்லை. பெற்றவனுக்குப் பிள்ளையைத் தெரியாதா? பக்கத்தில் நான் லாயத்துக்குக் கொண்டுபோன அதே பை.

"துப்பு!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். "துப்பும்மா! முழுங்கிடாதே!"

"என்னப்பா?"

"முழுங்கிட்டியா? ஐயோ, நான் பாவி! அதுல கிருமி இருக்கு! உங்கம்மா தொடாதேன்னு சொன்னதைத்தான் நான் போட்டேன்! நூத்திருபது நாள் ஆகணும், எண்பத்தஞ்சுதான் ஆச்சு! உனக்கு நானே வளர்த்ததாக் குடுக்கணும்னு ஆசைப்பட்டேன்மா, வேற ஒண்ணுமில்லை! காரைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்!"

நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், நிஜமாகவே அழுதேன். மகள் வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல், துப்பவும் முடியாமல் அம்மாவைப் பார்த்தாள்.

"நீ மெல்லுடி," என்றாள் மனைவி. "பிரஷ் போட்டுத் தேய்ச்சு மூணு தண்ணில கழுவியிருக்கேன்." பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, இரண்டு அட்டைச் சீட்டை என் முன்னால் நீட்டினாள். "இதைப் படிங்க."

"மக்காதது. தொடாதீர்கள்."

"நான் எழுதினது 'தொடாதிர்கள்'. சுழியைப் போட்டது யாரு?"

சிவப்புச் சுழி என்னைப் பார்த்து இளித்தது.

"முப்பது வருஷம் பிழை திருத்தறவரோட குடித்தனம் பண்றேன். எனக்கு 'தீ' எழுதத் தெரியாதா? வேணும்னேதான் விட்டேன். நீங்க மூட்டையைத் தொட்டா சுழியைப் போடாம வரமாட்டீங்கன்னு தெரியும். சாயந்திரம் வந்து பார்த்தேன், சுழி இருந்தது. சரி, சரியான மூட்டையைத்தான் பாத்தியில கொட்டியிருக்காருன்னு நிம்மதியாயிட்டேன்."

"சரியான மூட்டையா?"

"சீட்டை மாத்திக் கட்டினேன். 'தொடாதே'ன்னு இருந்ததுதான் மக்கினது. போடறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாச்சு."

"எதுக்கு மாத்தணும்? மக்கினதைப் போடுங்கன்னு நேராச் சொன்னா..."

"போட்டிருப்பீங்களா?"

முப்பது வருஷத்து ஞாபகங்களை ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன். "மாட்டேன்."

"அதான்."

"அப்ப லாயத்துல..."

"அவர் போன் பண்ணினாரு. 'அம்மா, லத்தி வாங்கினவர் அழுதுக்கிட்டே ரெண்டு கிலோ கேரட்டைக் குதிரைக்குக் குடுத்துட்டுப் போறாரு, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?'ன்னு கேட்டாரு. ஸ்டேஷன் போற வழியில வாங்கிக்கிட்டேன்." என் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "முந்தாநாள் ராத்திரி நீங்களே சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். உப்பு கம்மின்னீங்க."

மகள் இரண்டாவது கேரட்டை எடுத்தாள். "அப்ப இது அப்பா போட்டதுதானேம்மா?"

"உங்கப்பா போட்டதேதான். அவரே விதைச்சாரு, அவரே தண்ணி ஊத்தினாரு, அவரே பிடுங்கினாரு. குதிரைக்குக் கொண்டுபோய்க் குடுத்ததும் அவரேதான். நான் ஒரு சுழி விட்டதோட சரி."

மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு நறுக், நறுக் என்று கடித்தாள். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் கொஞ்சம் இடித்தது. அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது.

"அப்ப எண்பத்தஞ்சு நாளா நான் குழியில கிளறினது?"

"மக்காதது. வேற யாரு கிளறியிருந்தாலும் அவ்வளவு சூடு வந்திருக்காது. இன்னும் முப்பத்தஞ்சு நாள்தான். பூட்ஸ் வாசல்ல இருக்கு."

மகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "மக்கறதுக்கு அவ்வளவு நாள் ஆகுமாம்மா?"

மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். இந்தத் தடவை துடைக்கவில்லை. என்னைப் பார்க்க அவளுக்குக் கண்ணாடியே தேவைப்படவில்லை.

"எருவுக்குத்தான் நாலு மாசம். உங்கப்பா எனக்குக் கிடைச்சபோதே மக்கு."